செந்துறைக் கடலும் லட்சத்தீவின் மீன்களும்

செந்துறையை அடுத்த நின்னியூர்ப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளைத் தாண்டிச் சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும் மேட்டு நிலங்களில், மழைநீர் அறுத்துக்கொண்டு போன ஓடைக்கால்களின் ஓரமாகக் கோடைகாலத்து முற்பகலில் குனிந்து நடப்பவனுக்கு, கண் சற்றே பழகிவிட்டால், காலடியில் கிடப்பது வெறும் சுக்கான் கல் அன்று, கல்லாய் இறுகிப்போன கிளிஞ்சலும் நத்தையும் பவளத் துண்டுமே என்பது விளங்கத் தொடங்கும். கடற்கரையோ இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிணறு வெட்டியபோது இவற்றைக் கூடைகூடையாக அள்ளிக் கொட்டியதாகச் சொன்ன பெரியவர் ஒருவரிடம், இவ்வளவு தூரத்துக்குக் கடல் சாமான் எப்படி வந்தது என்று கேட்டேன். "எல்லாம் பிரளயத்துல ஒதுங்கினது தம்பி, எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான் கிடந்துச்சு" என்றார். பிரளயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லையாயினும், 'ஒதுங்கினது' என்ற அவருடைய சொல் நெடுநாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. சமுத்திரத்தின் நடுவே தனித்துக் கிடக்கும் சிறு தீவுகளின் கரையோர மீன்களைப் பற்றி உயிர்நூலார் எழுதியவற்றைப் படிக்குந்தோறும், அவர்கள் தேடி அலைவதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு விளக்கமே என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இப்பிரதேசத்துக் கல்லான கடற்பிராணிகளை முதன்முதலாக முறைப்படித் திரட்டி மேனாட்டு அறிஞரின் பார்வைக்கு அனுப்பியவர்கள் கேய், கன்லிஃப் என்னும் இருவர். 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் அவர்கள் சேகரித்த பொருள்களில் சங்கு சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸும், புதுச்சேரிப் படுகையின் மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்ட்டனும் ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்ட் இம்மாவட்டங்களைச் சுற்றி நடந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களால் பாறைகளைப் பிரித்து 1862-இல் தம் நூலை எழுதினார். மொராவியாவிலிருந்து வந்த ஸ்டோலிஸ்கா அதன் பிறகு பத்தாண்டுக் காலம் இச்சிப்பிகளுக்குப் பெயரிடுவதிலேயே உழைத்தார். கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கள்ளமேடு, நின்னியூர், காரை என்று நம் சிற்றூர்களின் பெயர்கள் உலகத்து நிலவியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான். அவ்வூராரில் பலருக்கு இது தெரியாது என்பது வருந்தத்தக்கது. 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியலார் செந்துறைக்கு அருகே டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்தபோது திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது கிளிஞ்சலைக் காண வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இக்கிளிஞ்சல்கள் வாழ்ந்த கடல் இங்கே அலையடித்த காலத்தில் இந்தியா ஆசியாவோடு சேர்ந்திருக்கவில்லை. மடகாஸ்கரிடமிருந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, நாற்புறமும் சமுத்திரம் சூழ வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பெருந்தீவாகவே அது இருந்தது. ஆகவே செந்துறையின் கிளிஞ்சல்களுட் பலவும் ஒரு தனித்தீவின் கரையோரத்தில் வாழ்ந்த பிராணிகளின் எச்சங்களே. அங்ஙனமாயின், அத்தீவுக்கே உரிய, வேறெங்கும் காணக்கிடைக்காத ஜாதிகள்தாம் இங்கே நிறைந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் களிமண் படுகையில் கிடைத்த டைக்கோடஸ் என்னும் சுறாவின் பல் வேறு கதை சொல்லுகிறது. குறுக்கே வரிவரியான மேடுகள் ஓடும் அந்தத் தட்டையான பல், கடித்துக் கிழிப்பதற்கு ஆனதன்று, சிப்பியை நொறுக்குவதற்கு ஆனது. இங்கிலாந்துச் சுண்ணப் பாறைகளிலிருந்து கிடைத்த பற்களைக் கொண்டு லூயி அகாசி பெயரிட்ட அதே ஜாதியாக அதனை ஆராய்ச்சியாளர் அடையாளம் கண்டனர். நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் நாட்டிலஸ் வகைச் சங்கு ஒன்றின் பெயரே 'டானிகா'. டென்மார்க்கைக் குறிக்கும் சொல் அது. தீவு தனித்திருந்தது, அதன் கடல் தனித்திருக்கவில்லை.

நிலத்தையும் நீரையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் உதாரணம் நமக்குக் கிடையாது. பல்லிக்கும் தவளைக்கும், இடையே விரியும் கடல் ஒரு மதில். மீனுக்கோ, கடல் மதிலா பாதையா என்பது அந்த மீன் தன் பாலபருவத்தை எங்கே, எத்தனை நாள் கழிக்கிறது என்பதைப் பொறுத்தது. இதனை இன்றைய உயிருள்ள உதாரணத்தில் பார்க்கவேண்டுமானால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் நமக்குப் பயன்படா. அவை கரைக்கு அருகே, ஆழமற்ற கண்டத்திட்டின்மேல் அமர்ந்தவை. பாம்பன் மீனவர் 'பார்' என்று சொல்லும் பவளத் திட்டுக்கும் கரைக்கும் இடையே மீன் போய்வருவது நமக்கு அடுத்த தெருவுக்குப் போய்வருவதைப் போன்றது. கண்டத்தோடு ஒருபோதும் ஒட்டியிராத, ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்த தீவுகளை மேற்கே, கொச்சிக்கு அப்பால் 220 முதல் 440 கிலோமீட்டர் தூரத்தில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவில்தான் காணவேண்டும்.

செந்துறைக்கும் லட்சத்தீவுக்கும் உள்ள பந்தம் வெறும் ஒப்புமை மாத்திரம் அன்று. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கள்ளமேட்டு ஆற்றுப்படுகையில் டைனோசர் எலும்புகள் மணலுள் புதைந்து, பின் நின்னியூரில் கடல் மறுபடியும் ஏறிவந்த அந்தச் சந்தி காலத்தை ஒட்டி, இந்தியப் பெருந்தீவின் மேற்குப் பகுதி பூமியின் அடியாழத்திலிருந்து எழுந்த ஓர் அனல் ஊற்றின்மேல் வந்து நின்றது. தக்காண பீடபூமியின் கரும்பாறை அடுக்குகள் அங்கே கொட்டிய குழம்பே. தீவு வடக்கே நகர நகர, இடம் பெயராத அந்த ஊற்று கடலடியில் ஒரு மேட்டுத் தொடரை வரைந்துகொண்டே போயிற்று: முதலில் லட்சத்தீவின் அடித்தளம், பின் மாலத்தீவு, பின் சாகோஸ், நெடுங்காலத்துக்குப் பின் மொரீஷியஸ், இப்போது ரீயூனியன். தெற்கே போகப் போகப் பாறையின் வயது குறைந்துவருவதை 1987-இல் இந்துமகா சமுத்திரத்தில் துளையிட்ட ஆராய்ச்சிக் கப்பல் உறுதிசெய்தது. எரிமலைகள் அவிந்து மெல்ல அமிழ, அவற்றின் விளிம்பில் பவளம் மேன்மேலும் வளர்ந்து வளையத் தீவுகளாயிற்று என்று டார்வின் 1842-இல் சொன்ன கருத்து இத்தொடருக்கு நன்றாகவே பொருந்துகிறது. செந்துறையின் கடல் வடிந்துகொண்டிருந்த யுகத்தில் லட்சத்தீவின் கடைக்கால் போடப்பட்டது எனலாம்.

அத்தீவுகளின் மீன்களை எண்ணும் வேலை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டான்லி கார்டினர் 1899, 1900 ஆண்டுகளில் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் போனதிலிருந்து தொடங்குகிறது. ஆயினும் பெரும்பகுதி உழைப்பு நம் பக்கத்தாருடையதே. 1947-இல் தொடங்கப்பெற்றுப் பல ஆண்டுகள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸும், அவரோடு பணியாற்றிய எம். குமரனும் தீவு தீவாகத் திரட்டிய மீன்களை விவரித்து 1980-இல் வெளியிட்ட நூலில் 603 ஜாதிகள் இடம்பெற்றுள்ளன. மக்கள் குடியிருப்பவை பத்தே தீவுகள், எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த எண் எத்தகையது என்பது விளங்கும்.

எண் என்று சொன்னவுடன் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடவேண்டும். மீன் எண்ணுவது வீட்டு வாசலில் நின்று குடிக்கணக்கு எழுதுவது போன்றதன்று; எண்ணுகிறவன் எந்தக் கருவியோடு போகிறானோ அந்தக் கருவிக்கு அகப்படுவதே அவன் ஜாபிதாவில் ஏறும். தூண்டிலுக்குக் களவாவும் விளமீனும் வரும். வலைக்கு ஓராவும் நவரையும் வரும். நீருள் மூழ்கிப் பலகையில் குறித்துக்கொண்டு வருபவனுக்கு வண்ணம் மிகுந்த கிளிமீனும் கிளாத்தியும் தென்படும். சுட்டுவிரல் நீளம்கூட இல்லாமல் பவளக் கிளையின் இடுக்கிலேயே பிறந்து அங்கேயே மடியும் சிறு மீன்களோ இவர்கள் மூவருக்கும் டிமிக்கி கொடுத்துவிடும். பெரிய மீனைப் பார்த்து வியப்பதும் சிறிய மீனை விட்டுவிடுவதும் நம் எல்லோருக்கும் இயல்பாதலால், இரண்டு தீவுகளின் எண்களை அடுத்தடுத்து வைத்து ஒன்று வளமுடையது, மற்றது வறியது என்று தீர்ப்புச் சொல்லுமுன், இரண்டையும் எண்ணியவர்கள் ஒரே விதமாக எண்ணினார்களா என்று கேட்பதே முறை.

இனி, மீன் தீவுக்கு எப்படி வந்து ஒதுங்குகிறது என்பது. பவளத் திட்டில் வாழும் மீன்களிற் பெரும்பாலானவை, வளர்ந்தபின் தம் திட்டை விட்டு ஆழ்கடலைக் கடக்கத் துணிவதில்லை. கடப்பது அவற்றின் குஞ்சே. முட்டையிலிருந்து வெளிப்பட்ட கண்ணாடி போன்ற அச்சிறு ஜந்து நீரோட்டத்தோடு திறந்த கடலில் மிதந்து, சில வாரங்களுக்குப் பின் உருமாறிப் பவளத்தில் இறங்குகிறது. பாறையிடுக்கில் முட்டையிட்டு ஆண்மீன் காவல் காக்கும் சிறு மீன்களின் குஞ்சுகள் இரண்டு மூன்று வாரங்களில் இறங்கிவிட, வாலடியில் கத்திபோன்ற முள்ளுடைய மீன்களின் குஞ்சுகள் இரண்டு மாதத்துக்கு மேலும் கடலில் திரியக்கூடும். எத்தனை நாள் திரிந்தது என்பதை எப்படி அறிவது? மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைக் கேட்டால் அது சொல்லும். செந்துறைச் சந்தைக்குக் கடலோரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கத்தாழை மீனின் தலையைக் கழுவும்போது, மண்டையைப் பிளந்து பார்த்தால், இரு பக்கமும் வெண்மையான, புளியங்கொட்டையில் பாதியளவான இரண்டு கற்கள் கிடைக்கும்; நெத்திலிக்கும் உண்டு, மிகச் சிறிய அளவில். ஊசிமுனையளவான குஞ்சுமீனின் காதுக்கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுணுக்குக்கண்ணாடியில் வைத்தால் நாளுக்கொன்றாகப் படிந்த வளையங்கள் தெரிகின்றன. மரத்தின் ஆண்டு வளையம் போல, இது நாள் வளையம். குஞ்சு பவளத்தில் இறங்கிய நாளில் வளையங்களின் அமைப்பே மாறிவிடுவதால், அதுவரை எண்ணினால் அதன் யாத்திரையின் நாட்கணக்கு கைக்கு வந்துவிடும். நின்னியூர் மண்ணில் கல்லான கிளிஞ்சலைப் பொறுக்கிய கை, கத்தாழையின் காதுக்கல்லை முதன்முதல் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஏற்பட்ட பரவசத்தை இங்கே விவரிக்க மாட்டேன். குழம்பு ஆறிப்போயிற்று என்பது மட்டும் உண்மை.

குஞ்சுகள் கடலில் மிதக்கின்றன என்பதைக் கண்டவர்கள், அவை போகும் வழியெல்லாம் போய்ச் சேரும், ஆகவே ஒரு தீவின் மீன்கள் யாவும் வேற்றிடத்திலிருந்து வந்தவையே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் நடந்து 1999-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இவ்வெண்ணத்தை அசைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மீன் கருக்களின் காதுக்கற்களில் ஒளிரும் மருந்தால் குறியிட்டு விட்டுவிட்டு, பிறகு அத்தீவுக்கு வந்திறங்கிய குஞ்சுகளில் 5,000-ஐப் பிடித்துச் சோதித்தார்கள். குறியுள்ளவை 15 அகப்பட்டன. ஒரு கோடியில் பதினைந்தா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் குறியிடப்பட்டவை அத்தீவின் மொத்தப் பொரிப்பில் மிகச் சிறு பங்கே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, இறங்கிய குஞ்சுகளில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து அறுபது வரை அத்தீவிலேயே பிறந்து, கடலில் சுற்றித் திரிந்து, பிறந்த வீட்டுக்கே மீண்டவை என்ற முடிவு கிட்டிற்று. ஒதுங்கியவையும் உண்டு, திரும்பியவையும் உண்டு.

இவ்விரண்டின் விகிதந்தான் ஒரு தீவின் மீன்வகைகளின் தன்மையைத் தீர்மானிக்கிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூகினி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட கடலில் பவளத் திட்டு மீன்கள் 2,000 ஜாதிக்கும் மேலாக உள்ளன. அங்கிருந்து கிழக்கே பசிபிக் கடலில் போகப் போக ஜாதிகள் குறைந்துகொண்டே வந்து, ஈஸ்டர் தீவை அடையும்போது மிகச் சொற்பமாகிவிடுகின்றன. எண்ணிக்கை குறையும் அதே வழியில் வேறொன்று கூடுகிறது: ஹவாய்த் தீவுகளின் கரையோர மீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை. எப்போதோ ஒருமுறை ஒதுங்கியவை, அதற்குப் பின் உறவினர் யாரும் வந்து சேராமையால், தமக்குள்ளேயே பெருகி வேறு ஜாதியாயின. லட்சத்தீவின் நிலை இதற்கு மாறானது. அது தனித்த தீவுக்கூட்டமாகத் தோன்றினும், தெற்கே மாலத்தீவும் சாகோஸும் சங்கிலிபோலத் தொடர்வதால், ஒரு குஞ்சு ஒரே வீச்சில் சமுத்திரத்தைக் கடக்கவேண்டிய அவசியமில்லை. தலைமுறைக்கு ஒரு தீவாகத் தாண்டினாலே போதும். அதனால்தான் அங்கே காணப்படும் மீன்களுட் பலவும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் வரை பரந்துள்ளவையாக இருக்கின்றன. குறுகிய எல்லையுடையவையும் இல்லாமற் போகவில்லை. 1908-இல் ரீகன் பெயரிட்ட, கடல் அனிமோனின் கைகளுக்கிடையே வாழும் கருங்கால் செம்மீன் மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை என்ற மூன்று இடங்களோடு நின்றுவிடுகிறது. நீரின் போக்கு என்னும் ஒரு வேலி அவற்றைச் சுற்றி இருக்கிறது போலும்.

அந்த நீரின் போக்கில் நமக்கும் பங்குண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு நம் கிழக்குக் கரையோரமாக ஒரு நீரோட்டம் தெற்கு நோக்கி இறங்கி, இலங்கையைச் சுற்றி மேற்கே திரும்பி, அரபிக்கடலின் தென்கிழக்குப் பகுதிக்குச் சென்று சேர்கிறது. வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர், ஆறுகள் கொட்டிய நீரும் மழைநீரும் கலந்தது, இவ்வாறு லட்சத்தீவுப் பக்கத்தை எட்டுகிறது. செந்துறை வட்டாரத்துக்கு வடக்கே ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கும் வெள்ளாற்றின் வெள்ளத்தில் ஒரு துளியாவது அந்தப் பெருக்கோடு போகாமலா இருக்கும் என்று நினைக்கிறேன். இது அளந்து சொன்னதன்று, ஊர்ப்பற்றால் சொன்னது.

தீவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மிகுதியாக ஜாதிகள் இருக்கும் என்று மக்ஆர்தரும் வில்சனும் 1967-இல் வகுத்த சூத்திரம் நிலப்பிராணிகளுக்கு நன்றாகப் பொருந்துவது. மீனுக்குப் பொருத்தும்போது 'பெரிது' என்பதன் பொருளை மாற்றிக்கொள்ளவேண்டும். லட்சத்தீவிலேயே நிலப்பரப்பில் பெரியது ஆந்த்ரோத், ஏறக்குறைய 4.9 சதுர கிலோமீட்டர். ஆனால் அதற்கு, பவள வளையத்துள் அடங்கிய நீர்ப்பரப்பாகிய காயல் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் கிடையாது. குடியுள்ள தீவுகளில் மிகச் சிறியது பித்ரா. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 271 பேர் வாழும் அதன் நிலம் ஒரு சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, நம் ஊர் ஏரி ஒன்றின் உள்வாயில் அடங்கிவிடும். அதன் காயலோ 45 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மனிதன் நிற்கும் இடம் கைக்குட்டையளவு, மீன் நீந்தும் இடமோ அதனைப் பன்மடங்கு விஞ்சியது. மணல் தரை, கடற்புல், தனித்த பவளக் குன்று, உட்சரிவு, அலை மோதும் வெளிவிளிம்பு, அதற்கப்பால் கருநீலப் பாதாளம் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு மீன்கூட்டம் வாழ்கிறது. அந்தப் பித்ராவில்தான் குளிர்காலத்து அமாவாசையை ஒட்டி, களவா இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் பெருந்திரளாகக் கூடிச் சந்ததி பெருக்குவதை மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்து ஆராய்ச்சியாளர் கண்டு 2017-இல் எழுதினர். பெரிய ஆண்மீன்கள் சரிவில் இடம்பிடித்துத் தனித்தனிப் பெண்மீன்களை நாடி நிற்க, மேட்டுப் பரப்பில் சிறிய ஆண்மீன்கள் கூட்டங்கூட்டமான பெண்மீன்களிடையே நாட்டம் செலுத்தின. நெருக்கம் மிகும்போது ஒழுக்கமும் மாறுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். அத்தனை நெருக்கமான கூட்டம் இன்று உலகில் அருகிவிட்டதாகையால், மீன் பிடிப்பு குறைந்த ஒரு தொலைதூரத் தீவில்தான் அதனைக் காண முடிந்தது.

அத்தீவினர் பவளத் திட்டு மீனை நெடுங்காலம் பெரிதாகச் சீண்டாமல் விட்டதற்குக் காரணம் கருணையன்று, சூரை. மினிக்காயின் மீனவர் விடியலில் காயலுக்குள் சிறுமீன்களை வலைவீசி உயிரோடு பிடித்துப் படகின் அடித்தட்டு நீரில் விட்டு, ஆழ்கடலுக்குச் சென்று சூரைக்கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வாரி இறைத்து, நீரைத் தெளித்து மயக்கி, முள்ளற்ற கொக்கியுள்ள கழியால் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் படகில் எறிவார்கள். அவித்துப் புகையூட்டி உலர்த்திய அந்தச் சூரையே மாசிக் கருவாடாக நம் தென்கரைச் சமையலறைகளுக்கும் இலங்கைக்கும் வந்து சேருகிறது. ஆனால் ஆழ்கடல் மீனைப் பிடிக்க இரையாவது காயலின் சிறுமீன் என்பதனால், பவளம் கெட்டால் சூரையும் எட்டாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியபோது பவளம் வெளிறிப் பெருமளவில் மடிந்தது. பவளத்தையே கொறித்து வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் இத்தகைய காலங்களில் முதலில் அருகுகின்றன. பாசி மேயும் கிளிமீன் சிலகாலம் தாக்குப்பிடிக்கும். இப்போது பவளத் திட்டு மீனையே வெளியூர் வியாபாரத்துக்குப் பிடிக்கும் வழக்கமும் அங்கே வளர்ந்துவருகிறது. அண்டைத் தீவுகளும் ஒரே கோடையில் வெளிறிவிட்டால், கைகொடுக்க ஒரு குஞ்சு எங்கிருந்து ஒதுங்கும் என்ற கேள்வி அப்போது எழுகிறது.

போன மாதம் அந்தப் பெரியவரின் கிணற்றடியில் மறுபடியும் போய் நின்றேன். மேட்டில் கொட்டிக் கிடந்த சுக்கான் கல்லிடையே துழாவியபோது அகப்பட்டது சுறாப்பல்லும் அன்று, நாட்டிலஸும் அன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பவளத் துண்டு. அதன் நட்சத்திரக் குழிகளில் செம்மண் அப்பிக் கிடந்தது. கிணற்று நீரில் அலம்பி, அந்தக் குழிகளின் இடுக்குகளில் எந்தச் சிறுமீன் குடியிருந்திருக்கும், அது எந்தக் கரையில் பிறந்து எத்தனை நாள் மிதந்து இங்கு வந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் எதுக்கு தம்பி, சுண்ணாம்பு சுடவா?" என்று கேட்டார் பெரியவர்.